ஒரு நாற்காலிக்காக 18 பேர்

கேள்வி:

வணக்கம் மேடம். மதுரையில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் ஏழு வருடமாக வேலை பார்க்கிறேன். நான்கு மாடிக் கடை. எல்லாப் பிரிவும் சேர்த்து 180 பேர் இருக்கிறோம். காலை ஒன்பதரைக்கு நிற்க ஆரம்பித்தால் இரவு ஒன்பதரை வரை நின்றபடிதான். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். கஸ்டமர் இல்லாதபோது சுவரில் சாய்ந்தால்கூட கேமராவில் பார்த்துவிட்டு 100 ரூபாய் பிடித்துவிடுகிறார்கள். பாத்ரூம் போக சூபர்வைசரிடம் டோக்கன் வாங்க வேண்டும். போன வாரம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் 19 வயதுப் பெண் ஒருத்தி கால் வீங்கி மயங்கி விழுந்தாள். மறுநாள் அவள் மேனேஜரிடம், "ஒரு ஸ்டூல் போட்டால் என்ன சார்?" என்று கேட்டாள். அன்று மாலையே "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்கள் இன்னும் கடை ஆபீஸில்தான் இருக்கின்றன. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. லேபர் ஆபீஸில் என் பெயரிலேயே புகார் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். கூட வேலை பார்ப்பவர்களிடம் சொன்னால், "உனக்கு வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார், நீ பேசுவாய். எங்கள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிடாதே" என்கிறார்கள். நான் தனியாகப் போகலாமா? இவர்களை நம்பிப் பயன் உண்டா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

தனியாகப் போகாதீர்கள். உங்கள் கோபம் நியாயமானது, அது வீணாகிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

தொழிலாளர் வழக்குகளை நடத்துகிறவள் என்ற முறையில், தனி ஆள் புகார் எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும். ஆய்வாளர் வருவார். அன்றைக்கு மட்டும் நான்கு மாடியிலும் பிளாஸ்டிக் ஸ்டூல் முளைத்திருக்கும். பதிவேடுகள் சுத்தமாக இருக்கும். அவர் எதிரில் நிறுத்தப்படும் பெண்கள், "எங்களுக்கு ஒரு குறையும் இல்லை சார்" என்பார்கள். அவர் போன பிறகு புகார் கொடுத்தது யார் என்ற தேடல் தொடங்கும். ஏழு வருட அனுபவமுள்ள உங்களைக் கண்டுபிடிக்க இரண்டு நாள்கூட ஆகாது. அப்புறம் குடோனுக்கு மாற்றுவார்கள், இல்லை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கடிதம் கொடுப்பார்கள். நீங்களாகவே வேலையை விட்டு நின்றுகொள்ளும்வரை ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். மற்ற 179 பேரும், பேசினால் என்ன ஆகும் என்பதை இரண்டாவது முறையாகப் பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். எனக்குப் பெரிய கவலை இதுதான்.

சட்டம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. அதன்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை. ஓவர்டைம் சேர்த்தாலும் நாளுக்கு 10 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அந்த ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கினால் நடுவில் ஒரு மணி நேர ஓய்வு கொடுத்தாக வேண்டும். உங்களுக்குக் கிடைப்பது அரை மணி நேரம். 2021ல் அந்தச் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கு, எல்லாத் தொழிலாளர்களுக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது அது. ஆக, அந்தப் பெண் மேனேஜரிடம் கேட்டது சலுகை அல்ல. ஏற்கெனவே அவளுக்குச் சட்டப்படி உரிய ஒன்றைத்தான் அவள் கேட்டாள். சாய்ந்ததற்கு 100 ரூபாய் பிடிப்பதும் சட்டப்படி செல்லாது. எதெதற்கு அபராதம் என்று முன்கூட்டியே உரிய அனுமதி பெற்று அறிவித்திருக்க வேண்டும். விளக்கம் கேட்காமல் பிடிக்கக் கூடாது. ஒரு சம்பள மாதத்தில் மொத்த அபராதம் சம்பளத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லாம் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும், அந்தப் பணமும் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும். உங்கள் கடையில் அந்தப் பதிவேட்டை யாராவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

இவ்வளவு இருந்தும் ஏன் ஒரு ஸ்டூல் வரவில்லை? அந்தச் சட்டம் எப்படி வந்தது என்று பார்த்தால் புரியும்.

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி உண்டு. நம் மதுரை விளக்குத்தூண் பக்கம் போல எந்நேரமும் கூட்டம். அங்கே கடைகளில் நின்ற பெண்களுக்கு முதல் பிரச்சினை நாற்காலி இல்லை, கழிப்பறை. பக்கத்து ஹோட்டலில் கெஞ்சிப் போக வேண்டும். அதற்குக் கூச்சப்பட்டு, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் நின்றார்கள். சிறுநீர்த் தொற்று அவர்களுக்குச் சாதாரண விஷயமாகிவிட்டது. அந்தத் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், அவர்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் நடந்தது. அப்புறம் கழிப்பறைக்காகக் கேட்டார்கள். அதன் பிறகுதான் உட்காரும் உரிமை. திருச்சூரில் ஒரு பெரிய புடவைக் கடையில் சங்கத்தில் சேர்ந்த சில விற்பனைப் பெண்களை இடமாற்றம் செய்தபோது, அவர்கள் கடை வாசலிலேயே 100 நாளுக்கு மேல் போராட்டம் நடத்தினார்கள். கடைசியில் 2018ல் கேரள அரசு கடைகள் சட்டத்தைத் திருத்தியது. மூன்று வருடம் கழித்து தமிழ்நாடும் திருத்தியது. உங்கள் கடையில் யாரும் கண்டுகொள்ளாத அந்த 22-ஏ பிரிவுக்குப் பின்னால், முகம் தெரியாத நூற்றுக்கணக்கான மலையாளப் பெண்களின் வீங்கிய கால்கள் இருக்கின்றன. அங்கே கூட்டமாக நின்று வாங்கிய சட்டம் இங்கே தானாக நடைமுறைக்கு வந்துவிடாது. அதை அமலாக்கவும் ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறது.

சட்டமே எண்ணிக்கைக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறது என்பது பலருக்குத் தெரியாது. ஒருவரை வேலையை விட்டு நீக்கினால் அவர் தனியாகவே வழக்குத் தொடுக்கலாம், அதற்குத் தனி ஏற்பாடு உண்டு. ஆனால் நாற்காலி, வேலை நேரம், அபராதம், டோக்கன் போன்ற வேலை நிலைமைகளைப் பற்றிய தகராறை ஒருவர் மட்டும் எழுப்பினால் அது தொழில் தகராறு ஆகாது. கணிசமான தொழிலாளர்களோ, ஒரு சங்கமோ கையில் எடுத்தால்தான் ஆகும். அப்படி ஆகிவிட்டால் சமரச அலுவலர் நிர்வாகத்தை மேஜைக்குக் கூப்பிட முடியும். சமரசம் நடந்துகொண்டிருக்கும்போது அந்தத் தகராறோடு தொடர்புடைய தொழிலாளர்களின் வேலை நிலைமைகளை நிர்வாகம் அவர்களுக்குப் பாதகமாக மாற்ற முடியாது. அந்தத் தகராறைக் காரணமாக வைத்து யாரையும் தண்டிக்கவோ நீக்கவோ வேண்டுமானால் அந்த அதிகாரியின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். ஆய்வாளருக்கு நீங்கள் தனியாக எழுதும் புகாருக்கு இந்தக் காவல் கிடையாது. 40 பேர் கையெழுத்துப் போட்டுச் சமரச அலுவலரிடம் கொடுக்கும் மனுவுக்கு உண்டு. தொழிலாளர் துறையில் அமலாக்கம் பார்க்கும் அதிகாரி வேறு, சமரசம் பார்க்கும் அதிகாரி வேறு. பலரும் ஒரே இடத்தில் மனுவைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பார்கள். இரண்டு இடத்திலும் கொடுங்கள்.

சரி, அந்த 40 பேருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். இவர்களை நம்பிப் பயன் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் அதுதான்.

"உனக்கு வீட்டுக்காரர் சம்பாதிக்கிறார்" என்று உங்களிடம் சொன்னவரைக் கோழை என்று நினைத்துவிடாதீர்கள். அவர் ஒரு கணக்கைச் சொல்லியிருக்கிறார். வேலை போனால் உங்கள் வீட்டில் அடுப்பு எரியும், அவர் வீட்டில் எரியாது. ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்கோ வேலை போகும் அன்றே படுக்க இடமும் போய்விடும். ஒரே கடையில், ஒரே சம்பளத்தில், ஒரே மாதிரி சேலை யூனிஃபார்மில் நின்றாலும் எல்லோரும் இழப்பது ஒரே அளவில் இல்லை. இந்த வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாமல் "எல்லோரும் ஒன்று சேர்வோம்" என்று மேடையில் பேசினால் கைதட்டுவார்கள், மறுநாள் கூட வர மாட்டார்கள்.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. சென்னை பெரம்பூரில் பக்கிங்ஹாம் கர்நாட்டிக் மில்கள் இருந்தன. பின்னி மில் என்றால் இன்றும் வடசென்னைப் பெரியவர்களுக்குத் தெரியும். அந்தத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கமாக அதைச் சொல்வார்கள். செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு ஆகியோர் முன்முயற்சி எடுத்தார்கள். பி.பி. வாடியா தலைவர். திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. வேலைநிறுத்தத்தைத் தூண்டி நட்டம் விளைவித்தார்கள் என்று வாடியா மீதும் மற்றவர்கள் மீதும் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது, தடையும் வாங்கியது. சங்கம் நடத்துகிறவர்களுக்கு அப்போது சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. அந்த அநியாயம் நாடு முழுக்கப் பேச்சானதன் விளைவுகளில் ஒன்றுதான் 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டம். சங்க வேலைக்காகச் சதி வழக்கோ நட்ட ஈட்டு வழக்கோ போட முடியாது என்ற பாதுகாப்பு அதில்தான் வந்தது. அது இன்றைய தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் தொடர்கிறது.

ஆனால் அதே சங்கம் 1921ல் உடைந்தது. அந்த வருடம் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில், சேரியில் வாழ்ந்த, கையில் ஒரு வாரச் சாப்பாட்டுக்குக்கூட வழியில்லாத ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். ஆதிதிராவிடர் தலைவரான எம்.சி. ராஜா இவர்கள் பக்கம் நின்றார். வேலைநிறுத்தம் செய்தவர்களுக்கும் அவர்களுக்கும் மோதல் வந்தது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின. மாதக்கணக்கில் நடந்த வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. இந்தக் கதையைச் சொல்லும் பலர் "கருங்காலிகளால் போராட்டம் கெட்டது" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமே இல்லை. தெருவில் தள்ளி நிற்க வைத்த மனிதனிடம், மில் வாசலுக்கு வந்ததும் "நாமெல்லாம் ஒரே தொழிலாளி" என்றால் அவன் எதை நம்பி வருவான்? அவன் குழந்தைக்குக் கஞ்சி ஊற்ற அந்தச் சங்கம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தது? ஒற்றுமை வேண்டும் என்று விரும்புகிறவர்கள், குறைவாக இழக்கிறவர்கள் முதலில் என்ன கொடுக்கப் போகிறோம் என்று சொல்ல வேண்டும். பின்னி மில்லில் அது நடக்கவில்லை.

உங்கள் கடைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நான்கு மாடியில் உங்களைப் போன்ற சேல்ஸ் பெண்கள் மட்டுமா இருக்கிறார்கள்? தரை துடைக்கும் அம்மாக்கள் கான்ட்ராக்டில் இருப்பார்கள். குடோனில் பண்டல் தூக்கும் பையன்கள், லிஃப்ட்டில் நிற்பவர், வாசலில் சல்யூட் அடித்தபடி 12 மணி நேரம் நிற்கும் வாட்ச்மேன் எல்லோரும் இருப்பார்கள். நாற்காலி கேட்கும்போது அந்த வாட்ச்மேனுக்கும் சேர்த்துக் கேளுங்கள். துடைக்கும் அம்மாவுக்கு நாற்காலியைவிடச் சம்பளம் மாதாமாதம் ஒரே தேதியில் வருவதுதான் முக்கியமாக இருக்கலாம். அப்படியானால் அதையும் மனுவில் எழுதுங்கள். அவர்களை விட்டுவிட்டு ஆரம்பித்தால், நாளைக்கு உங்கள் இடத்தில் நிற்க வைக்க நிர்வாகத்துக்கு ஆள் தயாராக இருக்கும். யார் எந்த ஊர், என்ன சாதி என்று பிரித்துச் சொல்லவும் அவர்களுக்குத் தெரியும். நம்மூர்க் கடைகளில் சொந்த ஊர்ப் பையன்களைத் தேடிப் பிடித்து வேலைக்கு வைப்பதற்கு ஊர்ப்பாசம் மட்டும் காரணம் இல்லை. ஊரில் அப்பாவுக்கு ஒரு போன் போட்டாலே வாயை அடைத்துவிடலாம் என்பதும் ஒரு காரணம்.

எப்படித் தொடங்குவது? முதலில் பேசாதீர்கள், கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒருவரிடம், கடைக்கு வெளியே, பஸ் ஸ்டாப்பிலோ வீட்டிலோ கேளுங்கள். "உனக்கு இங்கே எது ரொம்பக் கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு அவர் சொல்வதை முழுக்கக் கேளுங்கள். பத்துப் பேரிடம் பேசியதும் எது எல்லோருக்கும் பொதுவானது என்று தெரிந்துவிடும். என் அனுமானம், பாத்ரூம் டோக்கன்தான் முதலில் வரும். அதில் வெட்கமும் வலியும் சேர்ந்திருக்கிறது. நிர்வாகமும் வெளியே நியாயப்படுத்திப் பேச முடியாத விஷயம் அது. எந்த முதலாளியாவது, "எங்கள் கடையில் பெண்கள் டோக்கன் வாங்கித்தான் பாத்ரூம் போக வேண்டும்" என்று ஒரு வாடிக்கையாளர் முன்னால் சொல்வாரா? மாதவிடாய் நாட்களில் அந்த டோக்கனுக்காகக் கெஞ்ச வைப்பதும், சூபர்வைசரின் அசிங்கமான பேச்சும் சேர்ந்திருந்தால் அது பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் அதற்கான உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். கோழிக்கோட்டுப் பெண்களும் அங்கிருந்துதான் ஆரம்பித்தார்கள்.

வாட்ஸ்அப் குரூப் மட்டும் வேண்டாம். 30 பேர் இருக்கும் குரூப்பில் ஒரு ஸ்க்ரீன்ஷாட் போதும், எல்லாப் பெயரும் மேனேஜர் மேஜையில் இருக்கும். கையில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதி, யாருக்கு, எதற்காக, எவ்வளவு பிடித்தார்கள், எத்தனை மணிக்கு விட்டார்கள், யார் மயங்கி விழுந்தார்கள் என்று அன்றன்றே எழுதுங்கள். சம்பளம் வங்கியில் வருகிறது என்றால் பாஸ்புத்தகத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள். பிடித்துவிட்டுக் கட்டாத இடங்கள் உண்டு. நீதிமன்றத்தில் எனக்கு அதிகம் உதவுவது இப்படி அன்றன்று எழுதிய பழைய நோட்டுகள்தான். ஆறு மாதம் கழித்து ஞாபகத்திலிருந்து சொல்வதை எதிர்த் தரப்பு வக்கீல் ஐந்து நிமிடத்தில் கலைத்துவிடுவார்.

அடுத்தது பணம். உங்கள் கடையில் பாதிப் பேர் வீட்டில் அம்மாவோ மாமியாரோ மகளிர் சுயஉதவிக் குழுவில் இருப்பார்கள். 1989ல் தருமபுரியில் தொடங்கி தமிழ்நாடு முழுக்கப் பரவிய பழக்கம் அது. வாரம் கூடி, பணம் போட்டு, கணக்கு எழுதி, அவசரத்துக்கு எடுத்துக் கொடுப்பது நம் பெண்களுக்குப் புதிது அல்ல. வாரத்துக்கு 20 ரூபாய் என்று பத்துப் பேர் போடத் தொடங்குங்கள். கணக்கை எல்லோரும் பார்க்கும்படி எழுதுங்கள். அந்தப் பணத்தின் முதல் வேலை, யாருக்காவது வேலை போனால் அவருக்கு இரண்டு மாத வாடகையும் சாப்பாடும். "எங்கள் பிழைப்பில் மண்ணைப் போடாதே" என்று சொன்னவருக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் அதுதான். வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கும் நீங்கள் 20க்குப் பதில் 50 போடுங்கள். கையெழுத்தில் முதல் பெயரும் உங்களுடையதாகவே இருக்கட்டும். ஆனால் அந்தப் பெயர் மட்டும் அங்கே இருக்கக் கூடாது.

சங்கம் பதிவு செய்ய 7 பேர் கையெழுத்துப் போட்டால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அந்த நிறுவனத் தொழிலாளர்களில் 10 சதவீதம் பேர் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். உங்கள் 180 பேர் கடைக்கு 18 பேர். யோசித்துப் பாருங்கள், மாடிக்கு ஐந்து பேர்கூடத் தேவைப்படவில்லை. ஆனாலும் எடுத்த எடுப்பில் பதிவுக்குப் போக வேண்டாம் என்பது என் கருத்து. பதிவு மனுவில் பெயர்கள் வெளியே தெரிந்துவிடும், பதிவு கிடைக்க மாதங்கள் ஆகலாம், அந்த இடைவெளியில்தான் ஆட்களைக் கழற்றுவார்கள். மதுரையில் கடை ஊழியர்களுக்காக ஏற்கெனவே பதிவாகியுள்ள பொதுச் சங்கங்களை விசாரியுங்கள். அவற்றில் உறுப்பினராகச் சேர்ந்தால் உங்கள் சார்பில் அவர்களே மனு கொடுக்கலாம், பேசலாம். எந்தக் கட்சிக் கொடி என்பதைவிட, உங்கள் கூட்டத்துக்கு இரவு பத்து மணிக்கு மேல் யார் வந்து உட்காருகிறார்கள், பெண்களைப் பேச விடுகிறார்களா, சந்தாவுக்கு ரசீது தருகிறார்களா என்று பாருங்கள். சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரைப் பழிவாங்குவது சட்டப்படி நியாயமற்ற தொழில் நடைமுறை. சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவிலேயே இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. கோபம் சூடாக இருக்கும்போது யாராவது, "ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் ஒரே நாளில் லீவு போட்டால் ஆடிப்போய்விடுவார்கள்" என்று சொல்வார்கள். சொல்பவரின் எண்ணம் நல்லது. ஆனால் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் இருக்கும் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பின்படி, ஒரே நாளில் பாதிப் பேரோ அதற்கு மேலோ சொல்லிவைத்து விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்தான். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சமரசம் நடக்கும்போது செய்யக் கூடாது. மீறினால் அபராதமும் சிறையும்கூட உண்டு. தொழிலாளர் கையில் இருந்த ஒரே வலிமையை இப்படி முடிச்சுப் போட்டுக் கட்டியது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன், அதை எதிர்த்துப் பேசவும் செய்கிறேன். ஆனால் உங்களைப் போன்றவர்களை அந்த முடிச்சில் தெரியாமல் மாட்டவிட மாட்டேன். சீசன் நேரத்தில் நிர்வாகத்துக்கு உங்கள் தேவை அதிகம் என்பது உண்மை. அந்த நேரத்தை மனு கொடுக்கவும் பேச்சுக்கு இழுக்கவும் பயன்படுத்துங்கள். எல்லோரும் ஒரே மாதிரி கறுப்பு பேட்ஜ் குத்திக்கொள்வது, சாப்பாட்டு இடைவேளையில் ஒன்றாகப் போய் மேனேஜர் அறை முன்னால் நின்று மனுவைக் கொடுப்பது போன்றவற்றுக்கு வேலையை நிறுத்த வேண்டியதில்லை. அந்தக் காட்சியே நிர்வாகத்துக்குப் புதிதாக இருக்கும்.

பயந்தவர்கள் கடைசிவரை பயந்தே இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் நம் தமிழ்ப் பெண்கள், தலைமுறை தலைமுறையாக லயம் என்ற தோட்டத்து வரிசை வீடுகளில் வாழ்ந்தவர்கள், பெரும்பாலோர் தலித்துகள். வேலை போனால் அந்த லயமும் போய்விடும். உங்கள் ஹாஸ்டல் பெண்களைப் போலத்தான். போனஸை 20 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாகக் குறைத்தபோது, தங்களுக்காகப் பேச வேண்டிய சங்கத் தலைவர்களையே ஒதுக்கிவிட்டு 'பெம்பிளை ஒருமை' என்று தாங்களே நின்றார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதமாகவே வாங்கினார்கள். தொடர்ந்து நடந்த போராட்டங்களுக்குப் பிறகு நாள் கூலி 232 ரூபாயிலிருந்து 301 ஆனது. அவர்கள் கேட்டது 500. முழுக் கதையையும் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன்: வெற்றிக்குப் பிறகு அந்த அமைப்பு தலைவர்களுக்குள்ளே பிளவுபட்டது. கொழுந்து கிள்ளும் கூலியும் குடியிருக்கும் வீடும் இன்றும் அங்கே பிரச்சினைதான். நாற்காலி வந்த மறுநாள் உங்கள் கூட்டம் கலைந்துவிட்டால், அடுத்த மாதம் அந்த நாற்காலிகள் குடோனுக்குப் போய்விடும். மாதம் ஒரு முறை கூடுவதை அப்புறமும் விடாதீர்கள். பொறுப்புகளை மாற்றி மாற்றிக் கொடுங்கள். எல்லாம் உங்கள் தலையிலேயே இருக்கக் கூடாது.

நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். நின்றவர்கள் எல்லோருக்கும் உங்களைப் போலவே உறுத்திக்கொண்டிருக்கும். அவர்களிடம் பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லித் தொடங்குங்கள்.

அவள் விஷயத்தில் மட்டும் கூட்டம் சேரும்வரை காத்திருக்க வேண்டாம், அது இந்த வாரமே செய்ய வேண்டிய வேலை. கடையில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரை, நியாயமான காரணம் இல்லாமலும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ கொடுக்காமலும் நீக்கக் கூடாது என்று கடைகள் சட்டத்தின் 41ஆவது பிரிவு சொல்கிறது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் காலக்கெடு உண்டு, நாட்கள் குறைவு. அவள் எத்தனை மாதம் வேலை செய்தாள் என்று முதலில் கேளுங்கள். ஊருக்குப் போன் செய்து, எந்தத் தாளிலும், முக்கியமாக வெற்றுத்தாளிலும் ராஜினாமாக் கடிதத்திலும், கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். "சான்றிதழ் வேண்டுமென்றால் கையெழுத்துப் போடு" என்றுதான் கேட்பார்கள். சான்றிதழை அடகுப் பொருள் போலப் பிடித்து வைக்க எந்தக் கடைக்கும் உரிமை இல்லை. அதைத் திருப்பிக் கேட்டு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அவள் பெயரில் போகட்டும், ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். மயங்கி விழுந்த அன்று எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்களோ அந்தச் சீட்டையும் வாங்கி வைக்கச் சொல்லுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று அவள் வீட்டில் தயங்குவார்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி கிடைக்கும். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு ஆதார் அட்டையும், சம்பளம் வந்ததற்கான ஏதாவது ஒரு ஆதாரமும் எடுத்துக்கொண்டு போனால் போதும். அவளும் அவள் அம்மாவும் மட்டும் போகாமல், உங்கள் வார விடுமுறை நாளில் நீங்களும் இன்னும் இரண்டு பேரும் கூடப் போங்கள். அவள் வேலை செய்ததற்கும், மயங்கி விழுந்ததற்கும், ஸ்டூல் கேட்டதற்கும் நீங்கள் மூவரும் சாட்சி. உங்கள் பெயர்களை அந்த மனுவில் இப்போதே எழுத வேண்டியதில்லை. எப்போது எழுதுவது என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளலாம்.